பெந்தோங் காளி செத்து 30 வருடத்துக்கு மேல் ஆச்சு. அந்த எண்கள் ஏன் இன்னும் சாகவில்லை?

உங்கள் டிக்டாக்கில் இப்படி ஒன்று எப்போதாவது வந்திருக்கும். ஒரு சவ ஊர்வலம். உறுமி மேளம். வரிசையாக மோட்டார் சைக்கிள்கள். பின்னால் ஏதோ ஒரு படத்தின் பிஜிஎம். கீழே கமெண்ட்டில் யாரோ ஓர் எண்ணை மட்டும் போட்டுப் பக்கத்தில் நெருப்பு எமோஜி வைத்திருப்பார்கள்: 04, 08, 36.

கிள்ளானிலோ செந்தூலிலோ பிரிக்பீல்ட்ஸிலோ வளர்ந்தவர் என்றால் அந்த எண்ணுக்கு விளக்கம் தேவைப்படாது. ஆனால் அது எங்கிருந்து வந்தது, யார் அதில் பணம் பார்த்தார்கள், யார் உயிரைக் கொடுத்தார்கள் என்று கேட்டால் பெரும்பாலும் கதைதான் கிடைக்கும். அந்தக் கதைகளில் அடிக்கடி வரும் பெயர் ஒன்று இருக்கிறது. அதிலிருந்தே தொடங்குவோம்.

1993: இரண்டு சாவுகள்

1993 ஜூன் 29. கோலாலம்பூர், மேடான் டாமன்சாரா. ஒரு வீட்டில் பதுங்கியிருந்த பி.காளிமுத்துவைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. பகாங்கில் உள்ள பெந்தோங்கில் பிறந்தவர் என்பதால் ஊருக்கே அவர் 'பெந்தோங் காளி'. அப்போது அவருக்கு வயது முப்பதைத் தாண்டிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. போதைப்பொருள் விநியோகம், மாமூல், கேங் சண்டை என்று போய், பத்துக்கும் மேற்பட்ட கொலைகளோடு போலீஸ் அவரைத் தொடர்புபடுத்தியது. அவரைப் பிடிக்கத் தொடங்கிய நடவடிக்கைக்கு 'ஓப்ஸ் புஞ்சிஸ்' என்று பெயர். புஞ்சிஸ் என்றால் பீன்ஸ். அந்தக் காலத்தில் நாடே பயந்த ஒரு மனிதனைத் தேட ஏன் காய்கறிப் பெயர் வைத்தார்கள் என்று கேட்காதீர்கள்.

அதே வருடம், ஐந்து மாதம் கழித்து, டிசம்பர் 2ஆம் தேதி, கொலம்பியாவின் மெதயீன் நகரில் ஒரு வீட்டுக் கூரை மேல் பாப்லோ எஸ்கோபார் சுடப்பட்டார். நெட்ஃபிளிக்ஸ் புண்ணியத்தில் அவரைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காளியை எஸ்கோபாரோடு ஒப்பிடுவது அளவில் சரிப்படாது. ஒருவர் உலகக் கொக்கெய்ன் வியாபாரத்தையே நடத்தியவர். இன்னொருவர் ஒரு நகரத்தின் சில பகுதிகளில் ஆட்டம் போட்டவர். காளி நடத்தியது கார்ட்டல் அல்ல, தெருவோர கேங்.

ஆனால் இரண்டு சாவுகளுக்கும் பிறகு நடந்தது ஒன்றுதான். எஸ்கோபார் போனதும் மெதயீன் கார்ட்டல் உடைந்தது. காலி நகரத்துக் கும்பல் இடத்தைப் பிடித்தது. 1995இல் அதன் தலைவர்களும் மாட்டினார்கள். அப்புறம் மெக்சிகோக்காரர்கள். ஐநாவின் கணக்குப்படி 2023இல் கொலம்பியாவில் கோக்கா பயிரிடப்பட்ட நிலம் 253,000 ஹெக்டேர். தலைவரைக் கொன்று முப்பது வருடம் ஆன பின்னால் வந்த கணக்கு இது.

இங்கே? காளி செத்து இருபது வருடம் கழித்து உள்துறை அமைச்சு ஒரு பட்டியலை வெளியிட்டது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் இந்த எண்கள்.

எண்கள் நம்முடையவை அல்ல

04, 08 எல்லாம் 'நம்ம பசங்க' கண்டுபிடித்தது என்று நினைத்தால் அது தவறு. இவை சீன ரகசியச் சங்கங்களின் எண் மரபிலிருந்து வந்தவை. அந்தச் சங்கங்களில் சேருகிறவர் 36 உறுதிமொழிகள் எடுக்க வேண்டும் என்பது பழைய வழக்கம். 1950களில் சிங்கப்பூரில் சங்கங்கள் 8, 18, 24, 36, 108 என்று எண்களாலேயே பிரிந்து கிடந்தன. வெள்ளைக்காரன் 1890இலேயே நீரிணைக் குடியேற்றங்களில் கீ ஹின் முதலிய சங்கங்களைச் சட்டம் போட்டுக் கலைத்துவிட்டான். சங்கம் கலைந்தது, பழக்கம் கலையவில்லை.

இந்தியர்களும் இதற்குப் புதியவர்கள் அல்ல. 1867இல் பினாங்கில் பெரிய கலவரம் வெடித்தபோது கீ ஹின்னும் அதன் எதிரியான தோ பெக் கோங்கும் மட்டும் மோதவில்லை. வெள்ளைக் கொடி, சிவப்புக் கொடி என்ற இரண்டு சங்கங்கள் ஆளுக்கொரு பக்கம் நின்றன. அவற்றில் மலாய்க்காரர்களோடு நம் தமிழ் முஸ்லிம்களும் இருந்தார்கள்.

அப்படியானால் கேங் என்றாலே இந்திய இளைஞர் முகம் என்று ஆனது எப்போது? இதற்கு விடை தோட்டத்தில் இருக்கிறது.

தோட்டத்திலிருந்து ஃபிளாட்டுக்கு

உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் ஏதோ ஒரு தோட்டத்தின் பெயரைச் சொல்வார்கள். 1980களிலும் 90களிலும் கிள்ளான் பள்ளத்தாக்கைச் சுற்றியிருந்த ரப்பர், செம்பனைத் தோட்டங்கள் ஒவ்வொன்றாக வீடமைப்பாகவும் தொழிற்பேட்டையாகவும் கோல்ஃப் மைதானமாகவும் மாறின. இன்று நீங்கள் படம் எடுக்கப் போகும் புத்ராஜெயா ஒரு காலத்தில் பிராங் பெசார் தோட்டம். அங்கிருந்த தொழிலாளர் குடும்பங்கள் டிங்கிலுக்கு மாற்றப்பட்டன.

தோட்டத்தில் சம்பளம் குறைவு, கொடுமையும் இருந்தது. யாரும் அதைப் பொற்காலம் என்று சொல்ல வேண்டாம். ஆனால் வீடு, தமிழ்ப்பள்ளி, கோயில், க்ளினிக் எல்லாம் ஒரே இடத்தில் இருந்தன. தோட்டம் போனபோது இவை எல்லாம் ஒன்றாகப் போயின. குடும்பங்கள் புறம்போக்கு வீடுகளுக்கும் மலிவு விலை ஃபிளாட்டுகளுக்கும் வந்தன. அப்பா லோரி ஓட்டப் போனார், அம்மா ஃபேக்டரி ஷிஃப்டுக்குப் போனார். பையன் இடைநிலைப்பள்ளியில் மலாய் மொழியோடு மல்லுக்கட்டிப் பாதியில் நின்றான். கீழே கார் பார்க்கில் ஒரு அண்ணன் இருந்தார். அவரிடம் மோட்டார் இருந்தது, கையில் காசு இருந்தது, யாராவது அடித்தால் திருப்பி அடிக்க ஆள் இருந்தது.

இந்தக் காலத்தை அப்படியே பார்க்க வேண்டுமா? சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்' (2015) பாருங்கள். 90களின் தொடக்கத்தில் தோட்டம் விட்டு வந்த ஒரு குடும்பம், ஒரு சிறுவன், கேங்கில் இருக்கும் ஒரு சித்தப்பா. 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்ற விருது அதற்குக் கிடைத்தது. நம்மில் பல பேர் 'கபாலி'யைத்தான் பார்த்தோம், அது வேறு விஷயம். அதுவும் இங்கே வெளியானபோது, கபாலி போலீஸில் சரணடைந்தார் என்று கடைசியில் ஒரு வரி போட வேண்டியிருந்தது!

கேங்கின் வருமானம் ஒரே வழியில் வருவதில்லை. கிளப் வாசலில் 'பாதுகாப்பு', ஆலோங்குக்குக் கடன் வசூல், தவணை கட்டாத காரை இழுப்பது, பழைய இரும்பு, மணல் லோரி, பார்க்கிங். இவற்றில் பாதி தொழில் சட்டப்படி நடக்கக்கூடியதுதான். போட்டிக்கு வருகிறவனை மிரட்டும்போதுதான் அது குற்றமாகிறது. இவை எல்லாவற்றுக்கும் மேலே போதைப்பொருள். மற்றதில் மாதக் கடைசியில் காசு, இதில் தினமும் காசு. ஒரு ஏரியா யாருக்கு என்ற சண்டைக்குக் கத்தி வந்ததும், பின்னால் துப்பாக்கி வந்ததும் இதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. பழைய இரும்புக்காக ஒருவனைக் கொல்ல நான்கு தடவை யோசிப்பார்கள்.

விசாரணை இல்லாமல் உள்ளே

அரசு சும்மா இருக்கவில்லை. 1983இல் போதைப்பொருளை நாட்டின் பாதுகாப்புக்கு மிரட்டல் என்றே அறிவித்தார்கள். அதே வருடம் 1952ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டத்தின் 39பி பிரிவில் மரண தண்டனையைக் கட்டாயமாக்கினார்கள். 15 கிராம் ஹெராயின், அல்லது 200 கிராம் கஞ்சா இருந்தால் கடத்துகிறவர் என்றே சட்டம் அனுமானிக்கும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள்.

கேங்குகளுக்கு வேறொரு ஆயுதம். 1969 மே 13 கலவரத்துக்குப் பிறகு வந்த அவசரகாலச் சட்டம், பேச்சு வழக்கில் 'ஈஓ'. நீதிமன்றத்தில் நிறுத்தாமலேயே இரண்டு வருடம் அடைத்து வைக்கலாம், அதை நீட்டிக்கலாம். ஜொகூரில் சிம்பாங் ரெங்கம் முகாம் இதற்குப் பேர் போனது. இல்லையென்றால் 'புவாங் டாயேரா': ஊரை விட்டு வேறொரு மாவட்டத்தில் வைத்து, இரவில் வெளியே வராதே, போலீஸ் நிலையத்தில் வந்து கையெழுத்துப் போடு என்பார்கள்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கிள்ளானில் பிடித்த பையனைத் தெரிந்தவர் யாருமில்லாத ஒரு சின்ன ஊரில் கொண்டுபோய் வைக்கிறார்கள். வேலை கிடைக்காது. அங்கே அவனுக்கு யார் பழக்கமாவார்கள்? முகாமிலும் அதேதான், வேறு வேறு ஊர்க்காரர்களை ஒரே கூரையின் கீழ் வைத்தால் அவர்கள் திருக்குறளா படிப்பார்கள்? சட்டம் ஆட்களைத் தெருவிலிருந்து எடுத்தது உண்மை. ஆனால் குற்றத்தை நிரூபிக்கும் பழக்கமே போலீஸுக்குக் குறைந்துபோனது. பணம் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று தேடும் வேலையை விட, ஆளைத் தூக்கி உள்ளே வைப்பது சுலபமாக இருந்தது.

2011 கடைசியில் நாடாளுமன்றம் அவசரகாலப் பிரகடனங்களை ரத்து செய்தது. 2012இல் ஈஓ காலாவதியானது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளியே வந்தார்கள்.

2013: அந்தப் பட்டியல்

அந்த வருடம் ஜூலை, ஆகஸ்ட் செய்திகளைப் படித்தால் இன்றும் மனம் பதறும். ஜூலை 27ஆம் தேதி, மைவாட்ச் என்ற குற்றக் கண்காணிப்பு அமைப்பின் தலைவர் ஆர்.ஸ்ரீ சஞ்சீவன் நெகிரி செம்பிலானில் சுடப்பட்டார்; உயிர் பிழைத்தார். இரண்டு நாள் கழித்து, அரேபிய மலேசிய வங்கியை நிறுவிய ஹுசேன் அஹ்மட் நஜாடி கோலாலம்பூரில் பட்டப்பகலில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஈஓ போனதால்தான் இப்படி என்று போலீஸ் தரப்பு சொன்னது. சட்டம் போனதற்கும் சுட்டதற்கும் என்ன சம்பந்தம், துப்பாக்கி எப்படி உள்ளே வந்தது என்று வழக்கறிஞர்கள் திருப்பிக் கேட்டார்கள்.

ஆகஸ்ட் 17ஆம் தேதி 'ஓப்ஸ் சந்தாஸ்' தொடங்கியது. 19ஆம் தேதி பினாங்கு சுங்கை நிபோங்கில் ஓர் அடுக்குமாடியில் ஐந்து பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. 04 கேங் ஆட்கள் என்று சொன்னது. ஆகஸ்ட் 29ஆம் தேதி உள்துறை அமைச்சு 49 ரகசியச் சங்கங்களின் பெயர்களை வெளியிட்டது. மொத்த உறுப்பினர்கள் 40,313 பேர். அதில் இந்தியர்கள் 28,926. சீனர்கள் 8,214, மலாய்க்காரர்கள் 1,923. மீதி 1,250 பேர் சபா, சரவாக்.

கணக்குப் போட்டால் இந்தியர்கள் 71 விழுக்காடு. நாட்டு மக்கள் தொகையில் நாம் சுமார் 7 விழுக்காடு.

இந்த 71ஐ நீங்கள் எத்தனையோ மேடைகளில் கேட்டிருப்பீர்கள். அரசியல்வாதிகள் சொல்வார்கள், கோயில் கூட்டத்தில் சொல்வார்கள், வாட்ஸ்அப்பில் மாமா அனுப்புவார். ஆனால் அது என்ன கணக்கு என்று பாருங்கள். இது நீதிமன்றத்தில் குற்றம் நிரூபிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை அல்ல, அதிகாரிகளின் பதிவில் உறுப்பினர் என்று இருப்பவர்களின் எண்ணிக்கை. 15 வயதில் தைப்பூசத்துக்கு எண் போட்ட டீ-ஷர்ட்டில் போனவனும் மாதம் லட்சம் வெள்ளி பார்க்கிறவனும் அதில் ஆளுக்கு ஒன்றுதான். அடிமட்டத்தை எண்ணினால் நாம் அதிகம் தெரிவோம். பணத்தை எண்ணினால் யார் தெரிவார்கள்? அப்படி ஒரு பட்டியலை யாரும் வெளியிடவில்லை.

இதனால் பட்டியல் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. இருபத்தெட்டாயிரம் குடும்பங்களை நாம் சும்மா தாண்டிப் போக முடியாது. அதே நேரத்தில் ரோட் பிளாக்கில் நம் பையன்களின் மோட்டாரை மட்டும் ஓரம் கட்டும்போது, அந்த 71 போலீஸ்காரர் மனசிலும் இருக்கும்.

சரி, வீழ்ச்சி வந்ததா?

ஒரு வகையில் வந்தது. பட்டியல் வெளியான பிறகு சின்னம் காட்டுவதும் குற்றம் என்று ஆனது. சவ ஊர்வலங்களில் வெளிப்படையாகக் கொடி பிடிப்பது குறைந்தது. 1959ஆம் ஆண்டு குற்றத் தடுப்புச் சட்டம், அதாவது பொக்கா, திருத்தப்பட்டு 2014 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. மறுபடியும் விசாரணை இல்லாமல் இரண்டு வருடம். குற்றவியல் சட்டம் 130வி பிரிவில் கும்பல் உறுப்பினர் என்று நிரூபித்தால் 5 முதல் 20 வருடம் சிறை. இந்த வழக்குகளில் பிடிபட்டவர்களை 2012ஆம் ஆண்டு சொஸ்மா சட்டத்தின் கீழ் வைக்கிறார்கள். பெரிய எண்கள் உடைந்தன. தலைவர்கள் உள்ளே போனார்கள், சிலர் வெளிநாட்டுக்கு ஓடினார்கள்.

உடைந்தது கரைந்துபோகவில்லை. பழைய எண்ணுக்குப் பின்னால் ஒரு பெயரை ஒட்டிக்கொண்டு புதுக் கும்பல்கள் நீதிமன்றத்துக்கு வந்தன. '360 டேவன்' என்ற பெயரைச் செய்திகளில் கேட்டிருப்பீர்கள்.

அதற்குள் வியாபாரமே மாறிவிட்டது. காளி காலத்தில் சரக்கு ஹெராயின், வழி தங்க முக்கோணத்திலிருந்து. இப்போது சியாபு. அதற்குப் பாப்பிச் செடி வேண்டாம், மழை வெயில் வேண்டாம், மியன்மாரின் ஷான் மாநிலத்தில் ஒரு கொட்டகையும் ரசாயனமும் போதும். அளவைப் பாருங்கள்: 2020 செப்டம்பரில் பட்டர்வொர்த்தில் கரி ஏற்றிய கண்டெய்னர்களில் 12 டன் கொக்கெய்ன் பிடிபட்டது, மதிப்பு 240 கோடி வெள்ளி. 2021 மார்ச்சில் போர்ட் கிள்ளானில் சுங்கத்துறை பிடித்தது 16 டன் கேப்டகன் மாத்திரைகள், மதிப்பு 520 கோடி வெள்ளி. தகவல் கொடுத்தது சவூதி அரேபியா.

போர்ட் கிள்ளான் துறைமுகத்திலிருந்து தெங்கு கிளானா சாலையில் நீங்கள் தோசை சாப்பிடும் கடைக்குக் காரில் அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால் 16 டன்னை ஏற்றி இறக்குகிறவனுக்கும், ஃபிளாட் படிக்கட்டில் 2 கிராம் பொட்டலம் விற்கிறவனுக்கும் நடுவே எத்தனை கை இருக்கும்! முன்னவனுக்குக் கேங் எண் தேவையில்லை. கம்பெனி, கணக்காளர், ஷிப்பிங் ஏஜண்ட் இருந்தால் போதும்.

பொட்டலம் தூக்குகிறவன்

இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி யார் என்பது சாங்கி சிறையில் தெரியும். ஈப்போவைச் சேர்ந்த நாகேந்திரன் தர்மலிங்கம் 2009இல் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் பிடிபட்டபோது அவர் தொடையில் கட்டியிருந்தது 42.72 கிராம் ஹெராயின். அவருடைய அறிவுத்திறன் அளவு 69 என்று நீதிமன்றத்திலேயே பேசப்பட்டது. உலகம் முழுக்க வேண்டுகோள் விடுத்தும் 2022 ஏப்ரல் 27ஆம் தேதி தூக்கிலிட்டார்கள். அவரைப்போலவே ஈப்போவைச் சேர்ந்த பன்னீர் செல்வம் பரந்தாமன் 2014இல் 51.84 கிராமோடு பிடிபட்டார். அவர் வெறும் சுமந்து வந்தவர்தான் என்று நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. ஆனால் கடத்தலை ஒடுக்கக் கணிசமாக உதவினார் என்ற சான்றிதழை அரசுத் தரப்பு கொடுக்கவில்லை. அது இல்லாமல் நீதிபதியால் வேறு தண்டனை கொடுக்க முடியாது. 2025 அக்டோபர் 8ஆம் தேதி அவரையும் தூக்கிலிட்டார்கள். அதற்கு இரண்டு வாரம் முன்பு தட்சிணாமூர்த்தி காத்தையா.

இவர்கள் யாரும் கேங் தலைவர்கள் இல்லை. கேட்டுப் பாருங்கள், இவர்களிடம் பொட்டலத்தைக் கொடுத்து அனுப்பிய ஆளின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

மலேசியாவில் 2023 ஜூலை 4ஆம் தேதியிலிருந்து மரண தண்டனை கட்டாயம் அல்ல. 39பி பிரிவில் இப்போது நீதிபதி மரண தண்டனையோ, ஆயுள் சிறையும் பிரம்படியுமோ கொடுக்கலாம். இதற்காகத் தண்டனையைத் திரும்பப் பார்க்க விண்ணப்பிக்கும் தகுதி பெற்றவர்கள் ஆயிரத்துக்கும் மேல்.

உங்கள் கையில் வரப்போகும் ஒரு வாக்கு

கைதானவரின் அம்மாக்களிடம் பேசினால் அவர்கள் முதலில் சொல்லும் சொல் கேங் அல்ல, 'சொஸ்மா'. அதில் கைதானால் போலீஸ் 28 நாள் வரை வைத்திருக்கலாம், வழக்கறிஞரைப் பார்ப்பதை 48 மணி நேரம் தள்ளிப்போடலாம். வழக்கு முடியும் வரை பெரும்பாலும் ஜாமீன் கிடையாது. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர், பெண், நோயாளி ஆகியோருக்கு மட்டும் விலக்கு உண்டு. வழக்கு வருடக்கணக்கில் இழுத்து, கடைசியில் விடுதலையானாலும் அந்த வருடங்கள் போனது போனதுதான். இன்னொரு பக்கம், கேங் சண்டையில் பிள்ளையைப் பறிகொடுத்த அம்மா இருக்கிறார். சாட்சி சொல்ல வந்தவரை மிரட்டுகிறவன் ஜாமீனில் வெளியே திரிந்தால் அவர் என்ன செய்வார் என்ற கேள்விக்கும் பதில் வேண்டும். இரண்டு அம்மாக்களும் ஒரே ஃபிளாட்டில் குடியிருக்கலாம்.

28 நாள் காவல் விதியை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நாடாளுமன்றம் நீட்டிக்க வேண்டும். 2022 மார்ச் 23ஆம் தேதி மக்களவையில் அந்தத் தீர்மானம் 84க்கு 86 என்று இரண்டே வாக்கில் தோற்றது. ஜூலையில் மறுபடி கொண்டுவந்து நிறைவேற்றினார்கள். சட்டத்தைத் திருத்தப் போகிறோம் என்று அரசு சொல்லி வருகிறது. இந்த நீட்டிப்பு 2027 ஜூலை 31ஆம் தேதியோடு முடிகிறது. அதற்குள் உங்கள் தொகுதி எம்பி இதற்கு ஆதரவா எதிர்ப்பா என்று ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்கலாம். 2021 டிசம்பரிலிருந்து 18 வயது ஆனாலே நீங்கள் தானாக வாக்காளர். பதில் சொல்ல வேண்டியது அவர்.